முள்காட்டு ஆர்க்கிட்: பிடுங்காமலே பெயர் அறியலாம்

வேலூரைச் சுற்றியுள்ள முள்காடுகளிலிருந்து “ஐயா, இது என்ன ஆர்க்கிட்?” என்று என்னிடம் வந்துசேரும் செடிகளில் பெரும்பாலானவை அடியோடு பிடுங்கப்பட்டவை. பூ இருக்காது. வாடிய நான்கைந்து நீள இலைகள், மண் ஒட்டிய பச்சைக் குமிழ், அறுந்த வேர்கள், அவ்வளவுதான். கொண்டுவருகிறவர்கள் கல்லூரி மாணவர்கள், மலையேறும் இளைஞர்கள். எல்லாருமே ஆர்வத்தோடு வருகிறவர்கள். ஆனால் பெயர் சொல்லத் தேவையான உறுப்பு அதில் இல்லை. செடி பிழைக்கத் தேவையான உறுப்போ முழுதாக வந்துவிட்டது. இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே யூலோஃபியா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

ஆர்க்கிட் என்றாலே மரக்கிளையில் தொற்றி வளர்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். யூலோஃபியா நிலத்தில் வேரூன்றுவது. 1821இல் ராபர்ட் பிரவுன் இதைத் தனிப் பேரினமாக வகுத்தார். இன்று 200க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. பெரும்பகுதி ஆப்பிரிக்காவில், மற்றவை ஆசியாவிலும் பிற வெப்பமண்டல நாடுகளிலும். தமிழ்நாட்டின் சமவெளிப் புதர்க்காடுகளுக்கு உரியது யூலோஃபியா எபிடெண்ட்ரியா. காரை, சூரை, விராலிப் புதர்களின் அரை நிழலில், செம்மண்ணும் சரளையும் கலந்த இடத்தில் கொத்தாக நிற்கும். பூக்காத காலத்தில் ஈச்சங்கன்று என்றோ தடித்த கோரை என்றோ எண்ணிக் கடந்துவிடுவோம்.

இதற்குப் பெயர் வந்த வரலாறு நம் கரையிலேயே தொடங்குகிறது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான கூனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய ஆர்க்கிட் குறிப்புகளை அவர் மறைவுக்குப் பின் ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ் 1791இல் அச்சிட்டார். அதில் இந்தச் செடி செராபியஸ் என்ற பேரினத்தின் கீழ் இருந்தது. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் படங்களுடன் வெளியிட்ட ராக்ஸ்பர்க், இதையே லிமோடோரம் என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். சென்னை மாகாணத் தாவர நூலைக் கேம்பிளுக்குப் பின் தொடர்ந்த ஃபிஷர், 1928இல் கூனிக் இட்ட இனப்பெயரை மீட்டு, இன்றைய பெயரை அமைத்தார். செடி அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றுதான். மாறியது பூவைப் பார்த்த விதம். தொடக்க காலத்தில் நில ஆர்க்கிட்டுகளை ஒருசில பேரினங்களுக்குள் திணித்து வைத்திருந்தார்கள். பூவின் உள்ளமைப்பைக் கூர்ந்து பார்க்கப் பார்க்க அவை பிரிந்தன.

அந்த உள்ளமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளிவட்டத்தில் மூன்று புல்லி, உள்வட்டத்தில் மூன்று அல்லி. அல்லிகளில் ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து முற்றிலும் மாறி, பூச்சி வந்து இறங்கும் மேடையாக விரிந்திருக்கும். இதை உதடு என்கிறோம். யூலோஃபியாவின் உதட்டில் நீளவாக்கில் முகடுகள் எழுந்திருக்கும். சில இனங்களில் அவை தனித்தனி மயிர்போலப் பிரிந்தும் நிற்கும். உதட்டின் அடியில் ஒரு சிறு பை அல்லது குழல் பின்னோக்கி நீளும். எபிடெண்ட்ரியாவில் மற்ற இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். உதடு வெண்மை, அதில் ஊதா நரம்புகள். முகடுகள் எத்தனை, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, உதடு எத்தனை மடலாகப் பிரிந்திருக்கிறது, குழல் கூரா மழுங்கலா என்பவற்றை வைத்துத்தான் இனத்தை முடிவு செய்கிறோம். இலையும் குமிழும் துணைச் சான்றுகளே.

மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இரண்டு மெழுகு உருண்டைகளாகத் திரண்டு, ஒட்டும் தட்டு ஒன்றோடு இணைந்திருக்கும். உதட்டில் இறங்கி உள்ளே நுழைந்த வண்டு திரும்பும்போது அந்தத் தட்டு அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பேரினத்தின் பல இனங்களில் குழலுக்குள் தேன் துளியும் கிடையாது. ஏமாந்த வண்டு இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் நிறையப் பூத்தும் காய் சிலவே இருக்கும். பூத்தண்டைப் பறித்துக்கொண்டு போவது அந்தச் சில காய்களையும் இல்லாமல் செய்துவிடுகிறது.

ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் தூசி போன்ற அந்த விதைக்குள் சேமித்த உணவு இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்டுசொன்ன உண்மை இது. வளர்ந்த செடியின் வேரிலும் இந்தப் பூஞ்சை உறவு தொடர்கிறது. மண்ணையும் இலைச்சருகையும் விட்டுச் செடியை மட்டும் தொட்டிக்கு மாற்றினால், குமிழில் உள்ள சேமிப்பை வைத்து ஓரிரு பருவம் இலை விடும், பிறகு சுருங்கிப்போகும். அந்தக் குமிழ் உண்மையில் பருத்த தண்டு. அடுத்த ஆண்டுத் தளிர் அதன் அடிமொட்டிலிருந்துதான் வரும். கொத்திலிருந்து ஒன்றை உடைத்தால் வரவிருக்கும் ஆண்டுகளையும் சேர்த்தே உடைக்கிறோம்.

பேரின எல்லை இப்போதும் நகர்கிறது. டிஎன்ஏ ஆய்வுகளின் அடிப்படையில் 2021இல் ஜியோடோரம், ஓசியோக்லேட்ஸ் முதலிய பேரினங்களை யூலோஃபியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். பூக்கொத்து கொக்கிபோல வளைந்து தலைகவிழும் ஜியோடோரத்தைப் பழைய பெயரில் படித்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பின் இதே புதர்க்காட்டில் தரையோடு தரையாக இரண்டு மூன்று அகன்ற இலைகள் விரித்து, வெள்ளைப் பூ விடும் ஹாபெனேரியாவும் நில ஆர்க்கிட்தான். ஆனால் அது வேறொரு துணைக்குடும்பம். கிழங்கு முழுக்க மண்ணுக்குள் இருக்கும். நர்சரிகளில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்று விற்கும் ஊதாப்பூச் செடி பெரும்பாலும் ஸ்பாத்தோகிளாட்டிஸ். வீட்டில் வளர்க்க ஆசையென்றால் அதை வாங்குங்கள். நாற்றங்காலில் பெருக்கிய செடி அது.

எனக்கு உண்மையில் கவலை தருவது கோடைக்காலத் தாவரக் கணக்கெடுப்பு. மண்ணுக்கடியில் கிழங்காகவே காலம் கழிக்கும் நில ஆர்க்கிட்டுகள் ஏப்ரல், மே மாதங்களில் ஒருவர் கண்ணிலும் படாது. அப்போது போய்ப் பார்த்துவிட்டு ‘வெறும் முள்ளுக்காடு’ என்று எழுதினால், அந்த நிலத்தில் ஜேசிபி இறங்கும். மரம் நடும் நல்ல நோக்கத்தோடு குழி வெட்டுகிறவர்களும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் வெட்டுகிறார்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒருமுறையும், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் நடக்காத கணக்கெடுப்பை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

மருந்துக்காகத் தோண்டுவதும் நடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று கிடைப்பது ஆர்க்கிட் கிழங்கு. யூலோஃபியா கிழங்குகளும் அந்தப் பெயரில் விலைபோகின்றன. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழிவு அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. காப்புக்காட்டிலிருந்து செடியையோ கிழங்கையோ எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

பெயர் தெரிய வேண்டுமானால் போன் கேமராவே போதும். உதட்டை நேர் எதிரில் ஒரு படம், பக்கவாட்டில் குழல் தெரிய ஒரு படம், பூத்தண்டு முழுவதும் ஒரு படம். சருகைக் கிளறாமல் அடிப்பகுதியையும் எடுங்கள். குமிழ் மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்பது தெரிய வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனா. தேதி, ஊர்ப் பெயர், சுற்றியுள்ள புதர்களின் பெயர். சரியான இடத்தை எனக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ மட்டும் தெரிவியுங்கள். முகநூலில் போடும் படத்தில் லொகேஷனை நீக்கிவிடுங்கள்.