கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

போன வருஷம் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் மலையிலிருந்து இறங்கி, அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் அம்மாவின் கல்லறையில் நட்டிருந்த சிலுவை. வெள்ளை பெயிண்டில் எழுதிய பெயர் பாதியில் முறிந்திருந்தது. "இதுக்குக் கேஸ் ஆகுங்களா சார்?"

ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 297, இதற்கென்றே இருக்கிறது. மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு இடுகாட்டில் அத்துமீறி நுழைந்தால் ஓராண்டு வரை சிறை.

ஆனால் அவர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்குப் போய் வந்திருந்தார். அங்கே பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது, அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இவரும் தங்கச்சி வீட்டுக்காரரும். ஊரோடு ஒத்துப்போங்கள் என்று சொல்லி, இனிமேல் அங்கே அடக்கம் செய்ய மாட்டோம் என்று இவரிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். உடைத்தவனிடம் எதுவும் எழுதி வாங்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

பெரும்பான்மை என்பது ஓட்டுப்பெட்டிக்குச் சரி. கும்பிடுவதற்கும் புதைப்பதற்கும் தலை எண்ணக் கூடாது. அரசியலமைப்பின் 25-வது பிரிவு குடிமக்கள் என்றுகூடச் சொல்லாமல் எல்லா நபர்களுக்கும் என்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் என்று அதற்கு வரம்பு உண்டு, ஊர்க்கூட்டத்தின் சம்மதம் அந்த வரம்பில் இல்லை. நம்ம பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் வழக்கையே பாருங்கள். அங்கே முனியப்பனாக இருப்பது புத்தர் சிலை என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, சேலத்தில் பௌத்தர்கள் எத்தனை வீடு என்று கணக்குப் பார்க்கவில்லை, சிலையை ஆராய்ந்து கொடுத்த அறிக்கையைத்தான் பார்த்தது.

அதனால் புகாரை எழுத்தில் கொடுங்கள், புகார் வந்து சேர்ந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம், அப்படிப்பட்ட குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட். மாநில சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு மனு போடலாம். உங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்தத் தாளிலும், யார் முன்னாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபால் போன பிறகுதான் அவருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைத்தது. வழக்கு நடக்கிறது. அந்த இரண்டு துண்டுகளும் கோர்ட்டில் சான்றுப் பொருளாக இருக்கின்றன. புதுச் சிலுவை நடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக நடுங்கள் என்றேன்.