சக்கை மரமும் ஊமைப் பெட்டியும்

திங்கள்சந்தைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஒக்கிப் புயலில் சாய்ந்த சக்கை (பலா) மரத்தை அறுத்துப் பலகையாகப் போட்டு வைத்திருக்கிறோம். மிருதங்கம் செய்கிற மரம்தானே? அதில் ஸ்பீக்கர் பெட்டி அடித்தால் ஹை-எண்ட் செட் மாதிரி கேட்குமா?”

கேட்காது. மிருதங்கம் செய்கிற மரம் என்பதுதான் சிக்கலே.

செட்டின் மற்ற பாகங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1982-இல் வந்த சிடியே நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்தது. நம் காதுக்கு அது தாராளம். இன்றைய நல்ல நடுத்தர ஆம்பிளிஃபயர்களில் வரும் சிதைவும் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. வயர்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 6 மீட்டர் என்றால் மின்தடை 0.05 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளி வயருக்குப் பணத்தைக் கொட்டுவதும் ராசிக்கல் மோதிரம் போடுவதும் எனக்கு ஒன்றுதான்.

வித்தியாசம் பெரிதாகத் தெரிவது ஸ்பீக்கரில். அதிலும் யாரும் கவனிக்காத பெட்டியில். ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் கூம்பு முன்னால் பாயும்போது அதன் பின்னாலுள்ள காந்தம் பின்னால் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிதான். உள்ளே இருக்கும் காற்றும் பலகைகளை முட்டும். ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு சுமார் 135 சதுர சென்டிமீட்டர். 35-க்கு 25 சென்டிமீட்டர் பக்கப் பலகைகள் இரண்டும் சேர்ந்தால் 1,750. பலகை துளி அசைந்தாலும் அதுவே இன்னொரு ஸ்பீக்கர் ஆகிவிடும். போதாததற்கு, பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் முனகிக்கொண்டிருக்கும். சில பெட்டிகளில் ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்பது இதனால்தான்.

வீணையின் பலாக்கட்டை பாட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி ஊமையாக இருக்க வேண்டும். கடைக்குப் போனால் சந்தையில் சக்கையைத் தட்டுவதுபோலப் பெட்டியின் விலாவைத் தட்டிப் பாருங்கள். பழுத்த சக்கை மாதிரி ‘பொத்’ என்று அடங்கினால் நல்லது. ‘டங்’ என்று இழுத்தால் யோசியுங்கள்.

தடிப்பலகை போட்டால் போதாதா? அதிர்வு மேல்சுருதிக்கு ஏறும், சாகாது. பிபிசி பொறியாளர்கள் 1970-களில் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரைச் செய்தபோது மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து உள்பக்கம் தார்ப்பட்டைகளை ஒட்டினார்கள். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. நம் ஊர் பொறியியல் கல்லூரிகளிலும் அயனி, பலா, தேக்குப் பலகைகளின் அதிர்வை அளக்கும் வேலையை மாணவர்களுக்குக் கொடுக்கலாம்; பெரிய செலவில்லை.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளையுங்கள். ஓரத்தில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் படிக்கட்டாக நிற்கும். இரண்டு பலகைகளைச் சேர்த்து வளைத்தாலும் அப்படித்தான் சறுக்கப் பார்க்கும். நடுவில் ஜவ்வு போன்ற பொருளை வைத்து ஒட்டிவிட்டால், ஒவ்வொரு அதிர்விலும் அது இப்படியும் அப்படியும் இழுபடும். உள்ளே நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசும். அதிர்வு வெப்பமாகிவிடும். கையால் தொட்டால் தெரியாத அளவு வெப்பம். ஆனால் முனகல் அங்கேயே அடங்கிவிடும்.

அப்படியானால் குலசேகரத்து ரப்பர் ஷீட்டை நடுவில் வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இயற்கை ரப்பர் வாங்கிய ஆற்றலைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் பந்து துள்ளுகிறது. பியூட்டைல் ரப்பரில் செய்த பந்தைப் போட்டால் செத்ததுபோலத் தரையில் கிடக்கும். நமக்கு வேண்டியது அந்தச் செத்த ரப்பர். டயருக்குள் போடும் டியூப் பெரும்பாலும் பியூட்டைல்தான்.

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, 9 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டுக்கு நடுவில் ஒட்டி ஒரு ஜோடி அடித்தேன். ஸ்குரூ மட்டும் இரண்டு பலகைகளையும் சேர்த்துக் கோக்கக்கூடாது. கோத்தால் சறுக்கல் நின்றுவிடும். முதல் பெட்டியில் அந்தத் தப்பைச் செய்துவிட்டுக் கழற்றினேன்.

மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் அது ஓரத்தில் ஊதும். சக்கைப் பலகையை மிருதங்கக் கட்டை கடைகிறவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாமென்றால் கதவு போடுங்கள்.