புலனாய்வு வேலைக்கு மூன்று இலட்சம்

போன மாரிக்கு முன்னர் வட்டக்கச்சியில் இருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கிளிநொச்சி மாவட்டத்தில் தொழில் வழிகாட்டல்தான் என் வேலை. மகன் கணிதப் பிரிவில் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவன். அம்மா தொலைபேசியை என் மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பிக்கு அமெரிக்க ஆமியில புலனாய்வு வேலையாம் மிஸ். முதல்ல மூண்டு இலட்சம் கட்டவேணுமாம். காப்பை அடகு வைக்க முதல் உங்களிட்ட ஒருக்காக் கேப்பம் எண்டு வந்தன்."

ஏன் குரலைத் தாழ்த்தினார் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே புலனாய்வு என்றால் படலைக்கு வெளியே வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள். யார் வந்தது, யார் போனது என்று கேட்கும் ஆட்கள். அது படித்துச் செய்யும் ஒரு தொழில் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் தெரியாமையை வைத்துத்தான் ஏஜென்சிக்காரர் காசு பார்க்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்திருந்த செய்தியில், தமிழ் தெரிந்தால் போதும், இரண்டு மாதத்தில் விசா, பிறகு குடும்பத்தையும் கூப்பிடலாம் என்று இருந்தது. நான் உடனே பொய் என்று சொல்லவில்லை. "தம்பி, புலனாய்வுப் பகுப்பாய்வாளர் காலையில் போய் என்ன வேலை செய்வார் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டேன். "ஒளிச்சு நிண்டு பாக்கிறது" என்றான்.

அப்படி இல்லை. அமெரிக்க இராணுவத்தில் இந்த வேலைக்கு 35 எஃப் என்று குறியீடு. முதலில் 10 கிழமை அடிப்படைப் பயிற்சி. அதன்பின் அரிசோனாவில் உள்ள ஃபோர்ட் வாச்சூக்கா முகாமில் பல கிழமைகள் வகுப்பு. வேலை பெரும்பாலும் மேசையில்தான். வரைபடம் பார்ப்பது, பல இடங்களில் இருந்து வரும் தகவலை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவது, எது நம்பத்தக்கது என்று எடைபோடுவது, கடைசியில் தளபதிக்கு விளங்கும்படி எழுதிக் கொடுப்பது. பார்க்கிற ஆள் வேறு, கேட்கிற ஆள் வேறு. இவருடைய வேலை சலித்தெடுப்பது.

அப்படிச் சலித்தெடுக்க ஓர் அளவுகோல் உண்டு. நேட்டோ நாடுகளின் படைகளில் தகவல் தந்தவருக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தும், தகவலுக்கு 1 முதல் 6 வரை ஓர் இலக்கமும் போடுவார்கள். ஏ என்றால் முழுதும் நம்பலாம். எஃப் என்றால் அந்த ஆளை எடைபோட எங்களிடம் எதுவும் இல்லை. 1 என்றால் வேறு வழிகளாலும் உறுதியானது. 5 என்றால் மற்றத் தகவல்களோடு முரண்படுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் போடவேண்டும். நல்ல மனிதரும் பிழையான செய்தி கொண்டுவரலாம், பொய்யனும் ஒருநாள் உண்மை சொல்லலாம் அல்லவா?

"இந்தச் செய்திக்கு நீயே எழுத்தும் இலக்கமும் போட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினேன். அம்மாவிடம் காப்பை அதுவரை கழற்றவேண்டாம் என்றேன்.

ஒரு கிழமையில் கொப்பியோடு வந்தான். மூன்று பக்கம் எழுதியிருந்தான். ஆளை நேரில் கண்டதில்லை, அலுவலக முகவரி இல்லை, ஆகவே எஃப். அமெரிக்க இராணுவத்தில் சிப்பாயாகச் சேர அந்த நாட்டுப் பிரசையாகவோ, கிரீன் கார்ட்டோடு அங்கே வாழ்பவராகவோ இருக்கவேண்டும். 35 எஃப் வேலைக்குப் பிரசையே ஆகவேண்டும். சேர்வதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இதெல்லாம் அந்த இராணுவத்தின் சொந்த இணையத்தளத்திலேயே இருக்கிறது, ஆகவே 5. கீழே பெரிதாக "எஃப் 5" என்று எழுதிக் கோடிட்டிருந்தான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"தமிழ் தெரிந்தால் போதும்" என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். 2008இல் அமெரிக்கா, தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை இராணுவத்தில் சேர்க்க மாவ்னி என்றொரு திட்டம் தொடங்கியது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருந்தவர்களுக்கு மட்டும். 2016இல் புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. செத்துப்போன ஒரு திட்டத்தின் பெயரில் இன்றைக்கும் எங்கள் அம்மாக்களின் காப்பு அடகுக்குப் போகப் பார்க்கிறது.

உண்மையான வழி எப்படி இருக்கும் என்பதும் வன்னியில் சில வீடுகளுக்குத் தெரியும். அமெரிக்காவில் பிரசையாகிவிட்ட தங்கையின் மகனோ, தமையனின் மகளோ இந்த வேலைக்கு விண்ணப்பித்தால் ஆழமான பின்னணி விசாரணை நடக்கும். அதற்கு ஒரு நீண்ட படிவம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவுகளையும் தொடர்ந்து பேசும் ஆட்களையும் அதில் எழுதவேண்டும். பெயர், பிறந்த திகதி, முகவரி, எங்கே வேலை, அரசாங்கத்தோடோ இராணுவத்தோடோ தொடர்பு உண்டா என்றெல்லாம் கேட்கும். பிள்ளை அங்கிருந்து எடுத்து "பெரியம்மா, நீங்கள் பிறந்த திகதி என்ன, எங்கே வேலை?" என்று கேட்டால் இங்கே நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். நாங்கள் கேள்விகளுக்குப் பயந்தே பழகியவர்கள். வீடியோ அழைப்பில் முகம் பார்த்து, உங்கள் பிள்ளைதான் கேட்கிறார் என்று உறுதிசெய்யுங்கள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "அதை விட்டுவிட்டு எழுது" என்று அன்பினால் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தே பொய் எழுதுவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப்பில் காசு கேட்பவனோ இதில் எதையும் கேட்பதில்லை. பாஸ்போர்ட் பிரதியும் மூன்று இலட்சமும் போதும் அவனுக்கு.

காசோடு போனால்கூடப் பரவாயில்லை. இலங்கையில் இருந்து ஓய்வுபெற்ற படையினரை, சண்டை இல்லாத வேலை, நல்ல சம்பளம் என்று ஏமாற்றி ரஷ்ய, உக்ரைன் போர்முனைக்கு அனுப்பினார்கள். குறைந்தது 16 பேர் இறந்ததாக 2024 மே மாதம் அரசாங்கமே அறிவித்தது. ஆயுதம் பிடித்துப் பழகியவர்களுக்கே அந்தக் கதி. எந்த நாட்டு இராணுவத்தின் பெயரிலாவது வேலை என்று யாரும் வந்தால், கையெழுத்துக்கும் காசுக்கும் முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

சரி, பெடியனின் கதைக்கு வருகிறேன். கொப்பியை மூடிவிட்டு "இப்பிடி யோசிக்கிற வேலை இங்க இல்லையா மிஸ்?" என்று கேட்டான். இருக்கிறது. மிதிவெடி அகற்றும் நிறுவனங்களில் மண்ணைக் கிண்டுபவர்களுக்கு முன்னால் ஒரு கள ஆய்வுக் குழு போகும். மாடு மேய்ப்பவர், விறகுக்குப் போகிறவர், மீளக்குடியேறிய குடும்பங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள். எங்கே மண்ணணை இருந்தது, எந்த இடத்தில் மாடு மிதித்தது? ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் எல்லை போடுவார்கள். பிழையாகச் சுருக்கினால் ஒரு கால் போகும். தேவையில்லாமல் அகட்டினால் ஒரு குடும்பத்தின் வயல் வருடக்கணக்கில் கிடக்கும். முகமாலையில் அப்படி அங்குலம் அங்குலமாக மீட்ட காணி எத்தனை! மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. எல்லாவற்றையும் அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. அதன் பிறகும் நில அளவை, நீர்ப்பாசனம், அனர்த்த முகாமைத்துவம் என்று வரைபடமும் நிதானமும் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை உண்டு.

வரைபடம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம் என்று சொல்லி அனுப்பினேன். போன கிழமை அவன் மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினான். இரணைமடு வலதுகரை வாய்க்காலைத் தன் வீட்டுப் பக்கம் வரைக்கும் வரைந்திருக்கிறான். ஒரு கிளை வாய்க்காலில் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லினம் மிஸ். இன்னும் போய்ப் பாக்கேல்லை" என்றான்.