முயலுக்கு எந்த ஸ்கோப் என்று கேட்கும் தம்பிகளுக்கு

குன்னூரில் ஏர் ரைபிள் பயிற்சி கொடுக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து, "அண்ணா, முயல் சுட எந்த ஸ்கோப் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஸ்கோப் என்றால் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி. சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் முயல் வந்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், கையில் ஏர்கன் வந்ததும் ஆசை வருகிறது, புரிகிறது. ஆனாலும் முயலுக்கு எந்த ஸ்கோப்பும் வேண்டாம். 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத, 4.5 மி.மீ. குழல் ஏர்கன் வாங்க லைசென்ஸ் தேவையில்லை, அதனால் அதை வைத்து எதையும் சுடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காட்டுமுயல், காட்டுக்கோழி, மலையணில் எல்லாவற்றுக்கும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. சொந்தத் தோட்டத்துக்குள் சுட்டாலும் குற்றம்தான், ஜெயில்வரை போகும்.

சட்டத்தை விடுங்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி ஆன்லைனில் வாங்கிய பெரிய ஸ்கோப்போடு வந்தான், நேற்று சரியாகப் பட்டது இன்று படவில்லை என்றான். கழற்றிக் காதோரம் ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். ஸ்பிரிங் ஏர்கன் முதலில் பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கும் ஒரு வெட்டு வெட்டும். பெரிய துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப் பல இந்த இரண்டாவது உதையைத் தாங்காது, லென்ஸ் கழன்றுவிடும். போதாததற்கு அவற்றின் பாரலாக்ஸ், அதாவது படமும் குறிக்கோடும் பிசகாமல் சேர்ந்து தெரிகிற தூரம், பெரும்பாலும் 90 மீட்டர் வாக்கில் அமைத்திருக்கும். 15 மீட்டரில் படம் மங்கும், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே குறி நகரும்.

வேறொரு நல்ல ஸ்கோப்பை மாட்டிக்கொடுத்து, 25 மீட்டரில் பேப்பர் வைத்து ஐந்து பெல்லட் சுடச் சொன்னேன். மலைக்காற்று வேறு. ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தன. முயலின் தலை பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்குமா? அந்தப் பேப்பரைக் கையில் கொடுத்து, ஒன்று தலையில் பட்டதென்றே வைத்துக்கொள், மற்ற நான்கும் எங்கே பட்டிருக்கும் என்று கேட்டேன். வயிற்றில் ஈயத்தோடு புதருக்குள் ஓடுகிற முயல் உடனே சாகாது தம்பி, கிடந்து சாகும். அவன் வெகுநேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேப்பரில் சுட ஸ்கோப் வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். 4x32 போதும், அதாவது நான்கு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 32 மி.மீ. ஸ்பிரிங் ஏர்கன் உதையைத் தாங்கும் என்று கேட்டு, பாரலாக்ஸை 10 மீட்டர் வரை குறைத்துத் திருப்புகிற மாதிரி பார்த்து எடுங்கள். நம்ம ஊர் மூடுபனிக்கு நைட்ரஜன் அடைத்ததே நல்லது, இல்லையென்றால் லென்ஸின் உட்பக்கம் வேர்த்துவிடும். அப்புறம், சுட்டு முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், பெல்லட் ஈயம்.