தோட்டாவுக்கு ஏது சுமை?

'ஹேண்ட்லோட்' என்ற ஆங்கிலத் துப்பாக்கிச் சொல்லுக்குத் தமிழில் 'கைச்சுமைக் குண்டு' என்று எழுதியிருப்பதை இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை ஓர் ஆவணப்படத்தின் தமிழ்த் துணைத்தலைப்பில். அடுத்து ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில். மூன்றாவதாக, என் பார்வைக்கு வந்த ஓர் அச்சுப்படியில். அதில் கூடுதலாக 'சுமை மேம்பாடு' என்றும் இருந்தது. எழுதியவர் சோம்பேறி அல்லர். அகராதியைத் திறந்து 'லோட்' என்றால் சுமை, 'டெவலப்மென்ட்' என்றால் மேம்பாடு என்று பார்த்து நேர்மையாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியைப் படிக்கும் தமிழர் அமெரிக்காவில் யாரோ மூட்டை தூக்கப் பழகுகிறார் என்றுதான் நினைப்பார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் பலர் கடைத் தோட்டாவை வாங்காமல், சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைத் துப்புரவாக்கி, பற்றவைக்கும் சிறு மூடியான புதுப் பற்றுப்பொட்டைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து இட்டு, மேலே ஈயக் குண்டைச் செருகித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். இந்த வேலைக்கும், இப்படிச் செய்த தோட்டாவுக்கும் அவர்கள் மொழியில் 'ஹேண்ட்லோட்' என்று பெயர். குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு எந்தக் குண்டும் எவ்வளவு மருந்தும் பொருந்தும் என்று குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகச் சுட்டுப் பார்த்துத் தேர்வது 'லோட் டெவலப்மென்ட்'. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆகவே இந்த வேலை நம்மிடம் பொழுதுபோக்காக வளரவில்லை, அதற்கான சொல்லும் பேச்சில் உருவாகவில்லை.

'லோட்' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம், சுமந்து செல்லுதல் என்ற பொருளில் இருந்த சொல். வண்டியில் ஏற்றுவதற்கும் பிறகு பீரங்கியில் மருந்து இடுவதற்கும் அது பரவியது. 'கார்ட்ரிட்ஜ்' காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதல் தோட்டாக்கள் காகிதச் சுருள்களே. நம் 'தோட்டா' இந்துஸ்தானி வழி வந்தது. தெலுங்கில் தூட்டா. மலையாளத்தில் மீன் பிடிக்க வெடிப்பதும் தோட்டாதான். சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

'கைச்சுமை' தவறு என்று சொன்னதும் கலைச்சொல்லில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர், "அப்படியானால் கையேற்றுத் தோட்டா என்று வைத்துக்கொள்ளலாம்" என்றார். இதைத்தான் நான் இன்னும் வன்மையாக மறுக்கிறேன். 'கைச்சுமை' யாருக்கும் விளங்காது, அதனால் தீங்கு குறைவு. 'கையேற்று' விளங்குவது போலத் தோன்றித் தவறான பொருளைத் தரும். தோட்டாவைக் கையால் துப்பாக்கிக்குள் ஏற்றுவது என்றுதான் எவரும் கொள்வார். ரிவால்வரில் எந்தத் தோட்டாவையும் கையால்தான் ஏற்றுகிறோம். சுழலும் உருளையில் ஆறு அறைகள், ஆறிலும் விரலால் இட வேண்டும். கடைத் தோட்டாவும் அந்தக் கணக்கில் கையேற்றுத் தோட்டாவே. வேறுபாட்டைக் காட்டப் பிறந்த சொல் அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் துப்பாக்கிக்குள் தோட்டா இடுவதும், தோட்டாவுக்குள் மருந்து இடுவதும் ஒரே வினை. அவர்கள் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். நமக்கு இரண்டு வினை இருக்கும்போது ஒன்றுக்குள் இரண்டையும் ஏன் திணிக்க வேண்டும்?

துப்பாக்கிக்குள் தோட்டா இடுவது ஏற்றுதல். மருந்தை இட்டு இறுக்கும் இரண்டாவது வினை 'கெட்டித்தல்'. எங்கள் ஊர்க் கோவில் கொடையில் வேட்டுப் போடுபவர் வரிசையாக இரும்புக் குழாய்களை நிறுத்தி வைப்பார். ஒவ்வொன்றிலும் கரும்பொடியைக் கொட்டி, மேலே செங்கல் தூளை இட்டு, குச்சியால் இடித்து இறுக்குவார். அருகில் போகும் பிள்ளைகளை விரட்டியபடியே, "மருந்து கெட்டிச்சாச்சு, தள்ளிப் போங்க" என்பார். அவர் விரல் நுனிகள் கரியும் செந்தூளும் கலந்து பழுப்பாக இருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே வினைதான். குழல் வாய் வழியே மருந்து, பிறகு துணியோ நாரோ, பிறகு ரவை எனும் சிறு ஈயமணிகள், கோல் கொண்டு கெட்டித்தல். சில ஊர்களில் 'கிட்டித்தல்' என்பார்கள். ஏற்றுதல், சுமத்துதல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இன்றைய புகையற்ற மருந்தை யாரும் இடித்து இறுக்குவதில்லையே?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பெரிய விட்டமுள்ள ரிவால்வரின் தோட்டாவைப் பார்த்தால் 'கெட்டி' என்ற சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரியும். அத்தகைய துப்பாக்கியில் ஒரு வேட்டுக்கு உதைப்பு மிகக் கடுமை. துப்பாக்கி பின்னோக்கிப் பாயும்போது மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் அதோடு பின்னால் போகின்றன. கனமான ஈயக் குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பிடிப்பு தளர்வாக இருந்தால் குண்டு கூட்டைவிட்டு முன்னே நழுவி, உருளைக்கு வெளியே மூக்கை நீட்டும். உருளை சுழலாது, துப்பாக்கி அப்படியே நின்றுவிடும். இதனால்தான் கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குகிறார்கள். இறுக்கம்தான் இந்தக் கைவேலையின் உயிர். அந்த இறுக்கம் 'கெட்டித்தல்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஏற்றுதல்' என்பதில் அது எங்கே இருக்கிறது?

ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரரும் வேட்டை வழிகாட்டியுமான எல்மர் கீத் இந்தக் கெட்டிக்கும் வேலையில் ஊறியவர். தொடக்கத்தில் .45 கோல்ட் ரிவால்வருக்கு (எண், துளைவிட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்வது) அளவை மிஞ்சிக் கெட்டித்து, துப்பாக்கியே உடைந்து போனது. அதன்பின் .44 ஸ்பெஷல் என்ற, விட்டம் சற்றுச் சிறிய தோட்டாவுக்கு மாறினார். காரணம் எளிது. உருளையின் வெளியளவு அதேதான், உள்ளே துளை சிறிது, ஆகவே அறைச் சுவர் தடிமன் கூடியது. பல ஆண்டுகள் சோதித்து, 250 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு 1200 அடி வேகத்தில் செலுத்தும் அளவைக் கண்டார். அவருடைய விடாத வற்புறுத்தலின் பயனாக, ரெமிங்டன் நிறுவனத்தின் தோட்டாவும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ரிவால்வருமாக 1955இல் .44 மேக்னம் பிறந்தது. புதுத் தோட்டாவின் கூட்டை எட்டில் ஓர் அங்குலம் நீட்டிவைத்தார்கள், பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் அது நுழையாதபடி. பெயரில் .44 என்றிருந்தாலும் குண்டின் உண்மை விட்டம் .429 அங்குலம்.

இங்கே 'பெரிய காலிபர்' என்பதைப் 'பெரிய திறன்' என்று பெயர்த்ததையும் அந்த அச்சுப்படியில் கண்டேன். மனிதருக்குச் சொல்லும் 'காலிபர்' வேறு, குழலுக்குச் சொல்வது வேறு. குழலுக்குத் துளைவிட்டம். 'கிரெயின்' என்பதைத் 'தானியம்' என்று எழுதி, '240 தானியக் குண்டு' ஆக்கியிருந்தார். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. 240 கிரெயின் ஏறக்குறைய 15.5 கிராம். நம்மிடமும் நெல்லெடை, குன்றிமணி என்று விதையால் நிறுத்த வழக்கம் உண்டு. அதனால் நெல்லெடை என்று எழுதத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே எடை அல்ல. மருந்தின் அளவு பிசகினால் என்ன ஆகும் என்று கீத்தின் துப்பாக்கியே காட்டியது. 'கிரெயின்' என்றே இருக்கட்டும்.

தூய தமிழ் வேண்டும் என்போரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தோட்டாவை விலக்கிப் 'பொதியுறை' என்பதை ஏற்க முடியவில்லை. உறை என்றால் மூடும் பொருள் மட்டுமே. தோட்டா என்பது கூடு, பொட்டு, மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுமை. 'துப்பாக்கி'யே துருக்கியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லானது. 1857 பற்றிய பள்ளிப் பாடத்தில் 'கொழுப்பு தடவிய தோட்டா' என்று சரியாகவே படித்தோம். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்தது காகிதத் தோட்டாவை. அதைக் 'குண்டு' என்று எழுதினால் ஈயத்தைக் கடித்தான் என்றாகி, கலகத்தின் காரணமே குழம்பும்.

இதே குழப்பம் செய்தித்தாளில் நாள்தோறும் நடக்கிறது. 'வயிற்றில் இரண்டு தோட்டாக்கள் பாய்ந்தன' என்று அச்சிடுகிறார்கள். பாய்வது குண்டு. தோட்டாவின் கூடு சுட்டவர் பக்கமே கிடக்கும், ரிவால்வராக இருந்தால் அதன் அறைக்குள்ளேயே இருக்கும். தடயவியல் சாட்சியத்தில் இந்த வேறுபாட்டைக் கொண்டு ஒரு வழக்கே திரும்பலாம். இவ்விஷயத்தில் இலங்கைத் தமிழ் நம்மைவிடத் தெளிவு. முழுத் தோட்டா ரவை, பாய்வது சன்னம், சுட்டபின் கிடப்பது கோது. உள்ளீடு போய் வெறும் தோல் எஞ்சுவதைக் கோது என்பது எவ்வளவு பொருத்தம்! தமிழகத்தில் ரவை என்றால் உப்புமாவும் சிறு ஈயமணியுமே நினைவுக்கு வரும் என்பதால் தோட்டாவை வைத்துக்கொள்ளலாம். கோதை மட்டும் தயங்காமல் கடன் வாங்க வேண்டும். பற்றவைக்கும் சிறு மூடிக்குப் 'பொட்டு' போதும். தீபாவளிப் பொட்டு வெடியைச் சுத்தியலால் தட்டிய எந்தப் பிள்ளைக்கும் அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

அந்த அச்சுப்படியை எழுதியவருக்குத் திருப்பி அனுப்பியபோது ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொடுத்தது: 'கீத் சுட்ட கோதுகளைச் சேர்த்து, புதுப் பொட்டு வைத்து, மருந்தளவை ஒவ்வொரு படியாகத் தேர்ந்து, தம் .44 ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தாமே கெட்டித்துக்கொண்டார்.'