ஷயர் என்றால் மாவட்டமா?

ஆஸ்திரேலியச் செய்திகளைத் தமிழில் தருகிறவர்களுக்கு, அங்கே ஒருவகை உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கும் 'ஷயர்' (shire) என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகவே 'மாவட்டம்' என்று எழுதிவிடுகிறது. டயமன்டினா மாவட்டம், பூலியா மாவட்டம், புல்லூ மாவட்டம். போதும் சாமி.

சொல்லின் பூர்விகம் பெரிய ரகசியமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஒருவரிடம் ஒப்படைத்த பொறுப்பையும், அந்தப் பொறுப்புக்கு உட்பட்ட நிலத்தையும் குறித்தது. அந்த நிலத்துக்கு மணியம் பார்த்தவர்தான் பின்னால் 'ஷெரீஃப்' ஆனார். இங்கிலாந்தில் நார்மானியர் கொண்டுவந்த 'கவுன்டி' மேலே ஏறிக்கொள்ள, யார்க்‌ஷயர் போன்ற பெயர்களின் வாலில் இது தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் மட்டும் உள்ளாட்சியின் பெயராகப் பிழைத்தது. குயின்ஸ்லாந்தில் 1903-இல் 'டிவிஷன்' என்ற பழைய உள்ளாட்சிப் பிரிவுகள் ஷயர் ஆயின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1961-இல் ஷயர் ஆனவை சாலை வாரியங்கள்! ரோடு போடப் பிறந்த அமைப்பைக் கொண்டுபோய்க் கலெக்டர் நாற்காலியில் உட்கார வைக்கிறோம்.

பரப்பைப் பார்த்து மயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். குயின்ஸ்லாந்தின் டயமன்டினா ஷயர் சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை முந்நூறைத் தொடவில்லை. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது. அந்தச் சிலர் ஓட்டுப் போட்டு மேயரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சபை பெடூரி என்ற சிற்றூரில் இருக்கிறது. மண்சாலையைச் சமன்படுத்துவது, குடிநீர், குப்பை, விமான ஓடுபாதை, இவைதான் அதன் கவலைகள்.

மாவட்டம் என்றால் நமக்கு மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர், வருவாய்த் துறை, தாலுகா. ஷயரில் இவை எதுவும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் தூர மேற்கில், டிபூபரா பக்கம், எந்த உள்ளாட்சி அமைப்பிலும் சேராத நிலம் பரந்து கிடக்கிறது. ஷயர் மாவட்டம் என்றால் இதை என்ன சொல்வது? மாவட்டமே இல்லாத மாநிலப் பகுதியா? உள்ளாட்சி இல்லாமல் இருக்கலாம். மாவட்டம் இல்லாமல் ஒரு நிலம் இருப்பதாக நம்மால் நினைக்கவே முடியாது. இங்கேயே அந்த மொழிபெயர்ப்பு படுத்துவிடுகிறது.

மாற்றுச் சொல் தேடித் தனித்தமிழ் அன்பர்கள் கல்வெட்டுப் பக்கம் போவார்கள். 'கோட்டம்' இன்று வருவாய்க் கோட்டம், அதற்குக் கோட்டாட்சியர். பழைய வம்பே திரும்பி வருகிறது. 'கூற்றம்' அழகான சோழர் காலச் சொல்தான், ஆனால் அது எமனுக்கும் பெயர். 'நாடு' மட்டும் எனக்கு நிஜமாகவே ஆசை காட்டியது. ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதி, நாட்டார் கூடி முடிவெடுக்கும் சபை. ஷயருக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் 'டயமன்டினா நாடு' என்று எழுதினால் ஐ.நா.வில் எப்போது சேர்ந்தது என்று கேட்பார்கள். 'ஊராட்சி ஒன்றியம்' என்றால் அடியில் ஊராட்சிகள் வேண்டும். ஷயருக்கு அடியில் ஒன்றுமில்லை.

இவ்வளவு தேடுகிறவர்கள் இலங்கைத் தமிழைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று தெளிவான வரிசை இருக்கிறது. பிரதேச சபை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த, மக்கள் தேர்ந்தெடுக்கும் கிராமப்புற உள்ளாட்சி. மாவட்டமும் அரசாங்க அதிபரும் அங்கேயும் தனியாக உண்டு, யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. 'பிரதேசம்' வடசொல்லாயிற்றே என்பார்கள். இருக்கட்டுமே, பொய் சொல்லும் தனித்தமிழைவிட உண்மை சொல்லும் வடசொல் மேல்.

ஆகவே பொதுப்பெயராக வரும்போது பிரதேச சபை. நிலத்தைச் சொல்லும்போது பிரதேச சபைப் பகுதி. 'கிராமப்புற' என்ற அடையை எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டாம்: சிட்னியின் தெற்கே சதர்லாந்து ஷயரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பெயரோடு சேர்ந்து வரும்போது ஷயரை அப்படியே விடலாம். 2018-இல் தமிழ்க் குடும்பமொன்று தடுப்புக் காவலுக்குக் கொண்டுபோகப்பட்டு, 2022-இல் திரும்பி வந்ததே பிலோவீலா என்ற குயின்ஸ்லாந்து ஊர், அது இருப்பது பனானா ஷயரில். அதை யாராவது 'வாழைப்பழ மாவட்டம்' ஆக்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெயர் வந்தது பனானா என்றழைக்கப்பட்ட ஒரு காளை மாட்டிடமிருந்து.