சொல் விளக்கம்: ரான்ஸ்டேர்மல் – தோலூடு

ரான்ஸ்டேர்மல் (தமிழ்நாட்டு எழுத்தில் டிரான்ஸ்டெர்மல்) இரண்டு மொழிகளை ஒட்டிச் செய்த சொல். முன்பாதி லத்தீன், 'ஊடாக, அப்பால்' என்று பொருள். பின்பாதி கிரேக்கம், தோல். மருந்து தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்து, உடம்பின் வேறோர் இடத்தில் வேலை செய்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும். சொறிக்குப் பூசும் களிம்பு தோலிலேயே நின்று வேலை செய்கிறது; அது மேற்பூச்சு. காதுக்குப் பின்னால் ஒட்டிய மருந்து ஒட்டு (பாட்ச்) பயண வாந்தியை நிறுத்துகிறதே, அது ரான்ஸ்டேர்மல்.

தமிழில் 'தோல்வழி' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் களிம்பும் தோல்வழிதானே என்று ஒருவர் கேட்கலாம். 'தோலூடு' என்றால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஊடு என்பது ஒன்றுக்குள் புகுந்து மறுபக்கம் போவது. எக்ஸ்றேயை ஊடுகதிர் என்று எழுதிப் பழகிய கைக்கு இது புதிதுமில்லை.

சரி, எல்லா மருந்தையும் இப்படி ஒட்டிவிடலாமா? முடியாது. தோலின் ஆக மேலே, இறந்த கலங்களால் (செல்களால்) ஆன ஒரு படை இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர்தான். கல்லடுக்கிச் சாந்து பூசிய சுவர் மாதிரி, கலங்களுக்கு இடையில் கொழுப்பு நிறைந்து கிடக்கும். மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (மூலக்கூற்றின் நிறையை அளக்கும் அலகு) இருந்து, கொழுப்பிலும் ஓரளவு கரைந்து, சிறிய அளவிலேயே வேலை செய்யும் மருந்துதான் இதைக் கடக்கும். கடந்துவிட்டால் ஒரு பெரிய ஆதாயம்: விழுங்கிய மருந்தைப்போல் முதலில் ஈரலுக்குப் போய் அங்கே பாதி அழிய வேண்டியதில்லை. மருந்தகவியல் ஆய்வுகூடங்களில் பன்றிக் காதுத் தோலை ஒரு கண்ணாடிக் கலத்தின் நடுவே கட்டி, மேலே மருந்தை வைத்து, கீழே எவ்வளவு வந்து சேர்கிறது என்று மணிக்கணக்காக அளப்பது இதற்காகத்தான். அந்தக் கருவிக்குப் பெயர் பிரான்ஸ் கலம். நாட்டின் பெயரல்ல, ஆளின் பெயர்.

அமெரிக்காவில் 1979 இல் அனுமதி பெற்ற முதல் தோலூடு ஒட்டில் இருந்தது ஸ்கோபொலமீன். ஒன்றை ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். இந்த ஸ்கோபொலமீன் ஊமத்தையில் இருக்கிறது. எங்கள் ஊர் வேலியோரம் வெள்ளைப் பூப் பூத்து நிற்கிற அதே நச்சுச்செடிதான். இன்னொரு வேடிக்கை, நுரையீரல் வழி மருந்துக்கும் இதே செடி ஒரு தொடக்கம். சென்னைப் பக்கத்தில் தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் 1802 அளவில் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று இன்ஹேலரில் வரும், மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோப்பியம், ஊமத்தையிலுள்ள அற்றோப்பீனிலிருந்து மாற்றிச் செய்ததே. (இதை வாசித்துவிட்டு யாரும் இலையைப் பற்றவைக்க வேண்டாம். அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும்.)

'இன்ஹேலர்' என்ற பெயரைப் பிளிமத் நகர வைத்தியர் ஜோன் மட்ஜ் 1778 இல் தன்னுடைய ஆவி பிடிக்கும் குவளைக்கு வைத்தார். 'உள்ளே மூச்சிழு' என்பதே மூலப்பொருள். இப்போது நாம் காணும், அழுத்தினால் அளவாகப் பீச்சும் கருவி 1956 இல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு 'பம்ப்' என்று பெயர். அந்தச் சொல் அடிக்கிற செயலைக் காட்டுகிறதே தவிர, இழுக்கிற செயலைக் காட்டவில்லை. அடித்த மருந்து தொண்டையில் படிந்து நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஐயம். துகள் 1 முதல் 5 மைக்ரோமீற்றருக்குள் இருந்தாலும், அடிக்கும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கினால்தான் மருந்து நுரையீரலின் உள்ளே போய்ப் படியும். பவுடர் இன்ஹேலர் என்றால் நேர்மாறு, வேகமாக இழுக்க வேண்டும். 'உள்ளிழு மருந்து' என்ற தமிழ் எப்படி எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இங்கே இலங்கையில் நுரையீரலைச் சுவாசப்பை என்றும் சொல்வோம். இந்த இடத்தில் மட்டும் நுரையீரலுக்கே என் வாக்கு. பை என்றால் ஒரே வெற்றிடம் என்று தோன்றும். உள்ளே இருப்பது நுரைபோலக் கோடிக்கணக்கான சிற்றறைகள். விரித்தால் 70 சதுர மீற்றருக்கும் மேல் வரும். தோல் மறிக்கும் இன்சுலின் (ஏறக்குறைய 5800 டால்டன்) இந்த வழியால் இரத்தத்தில் சேர்வது அந்தப் பரப்பினால்தான். 2006 இல் எக்ஸ்யூபெரா என்ற உள்ளிழு இன்சுலின் வந்தது. வாங்க ஆளில்லாமல் அடுத்த ஆண்டே சந்தையை விட்டுப் போனது வேறு கதை.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், எல்லாவற்றையும் தமிழாக்கவில்லை. அறுவை மருத்துவத்தை இரண வைத்தியம் என்று எழுதியவரே கெமிஸ்ட்ரியைக் கெமிஸ்தம் என்றும் எழுதினார். நானும் அவர் கட்சிதான். இன்ஹேலர் இன்ஹேலராகவே இருக்கட்டும். கருவியைக் கண்ணால் பார்க்கிறோம். மருந்து போகும் வழி கண்ணுக்குத் தெரியாது, அதன் பெயர்தான் தமிழில் வேண்டும். ஒட்டை வெறும் 'பிளாஸ்ரர்' என்றால், காயத்துக்கு ஒட்டுவதுபோல நினைத்து அதன்மேல் ஒத்தணம் வைப்பார்கள். பென்டனில் போன்ற வலிநிவாரணி ஒட்டில் சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் இறங்கி மூச்சையே அமத்திவிடும். மருந்துக் கலவையாளர் உறையில் எழுதித் தரும்போது 'தோலூடு ஒட்டு, சூடு காட்ட வேண்டாம்' என்று எழுதினால் போதும்.